விருந்தாளி யார்?

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. ஒன்பதாவது அதிகாரம், 81 முதல் 90 வரை. வாசலில் விருந்தினர் காத்திருக்க, அமிழ்தமே ஆனாலும் தனியாக உண்ணக் கூடாது. முகம் சுளித்தால் வந்தவர் அனிச்ச மலரைப் போல வாடிவிடுவார். இப்படிப் பத்துக் குறளும் வீட்டுக்காரரிடம்தான் பேசுகின்றன. வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனி அதிகாரம் கிடையாது. அந்தக் காலத்தில் அதற்கு அவசியம் இருந்திருக்காது. நடந்து, களைத்து, ஒரு வாய்த் தண்ணீருக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து வருகிறவருக்கு அடக்கம் தானாகவே வந்திருக்கும்.

இன்றைய பயணி அப்படி வருவதில்லை. மலிவான விமானச் சீட்டு, முதுகில் ஒரு பை, கையில் போன். நட்சத்திர ஓட்டல் வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும், அவர்கள் வாழ்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஊரை மதிக்கும் மனம் இல்லாமல் இந்த ஆசை வராது. ஆனால் விருந்தாளி என்ற தகுதி எங்கிருந்து வருகிறது? வந்தவரின் பசியிலிருந்தா, ஆர்வத்திலிருந்தா, இல்லை, கதவைத் திறப்பவரின் சம்மதத்திலிருந்தா? இந்தப் பழைய கேள்விக்கு அந்தமானைப் போல நேராக முகம் காட்டும் இடம் இந்தியாவில் வேறு இல்லை.

கையில் காசு குறைவாக இருக்கும் பயணிக்கு அந்தமான் தீவுகள் ஒரு வரம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரில் பெரும்பாலும் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள். 1858இல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியதில் தொடங்கியது இந்தக் குடியேற்றம். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு மாப்பிள்ளைமார், காட்டு வேலைக்குச் சோட்டா நாக்பூரிலிருந்து வந்த ராஞ்சிக்காரர்கள், 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள், 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள், பிழைப்புக்காகவும் பர்மா, இலங்கையிலிருந்து திரும்பியும் வந்த தமிழர்கள். ஒரு தெருவில் இட்லியும் புரோட்டாவும், அடுத்ததில் கடுகெண்ணெய் மணக்கும் வங்காளத்து மீன் குழம்பு. அந்தமானின் குட்வில் எஸ்டேட் போல, சுற்றுலாத் திட்டங்களில் பெயர் வராத ஊர் ஒன்றில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டால் பதிலில் பாதி இந்தியா வரும். கேட்டவரிடமும் அதே கேள்வி திரும்பி வரும். இருவருமே வந்தேறிகள் என்பதால் அந்தப் பெஞ்சில் உயர்வு தாழ்வு இல்லை.

இன்னும் குறைந்த செலவில், சொல்லப்போனால் செலவே இல்லாமல், சாப்பிடும் வழிகளும் இந்த நாட்டில் உண்டு. போர்ட் பிளேயரில் ஒரு குருத்வாரா, டாக்டர் திவான் சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர். ஜப்பானியர் பிடியில் தீவு இருந்தபோது செல்லுலார் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி 1944 ஜனவரி 14 அன்று உயிர்விட்டார். குருத்வாராக்களின் பொதுப் பந்தியான லங்கரில் யார், எந்த மதம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். நீட்டும் கையில் ரொட்டி வந்து விழும். தமிழருக்கு இது புதிதல்ல. வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அங்கே சாப்பிடப் பசி ஒன்றே தகுதி.

சத்திரச் சோற்றைச் சுற்றுலாப் பயணி சாப்பிடலாமா என்ற சங்கடம் பலருக்கு உண்டு. ஏழைக்கு வைத்ததைப் பணம் மிச்சம் பிடிக்கிறவர் சாப்பிடுவது திருட்டு மாதிரி இல்லையா? லங்கர் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. சாப்பிட்டவர் எழுந்துபோய்த் தட்டுக் கழுவலாம், பூண்டு உரிக்கலாம், அடுத்த வரிசைக்குத் தண்ணீர் ஊற்றலாம். வாங்கிக்கொள்வதும் அங்கே ஒரு பயிற்சிதான். அதிகாரியும் கூலிக்காரரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து கையேந்தும்போது, தான் யாரையோ நம்பித்தான் உயிர் வாழ்கிறோம் என்பது உடம்புக்கே புரிகிறது. சிக்கனமாகப் பயணம் செய்வதில் ஆன்மிகம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது: எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்பதை முழுக்கத் தானே தீர்மானிக்க முடியாத நிலை.

ஆனால் அதே பயணி மறுநாள் விடியுமுன் பாராடாங் பேருந்தில் ஏறுகிறார்.

பாராடாங்கில் சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் இருக்கின்றன. போர்ட் பிளேயரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம், செலவும் குறைவு. வழி, அந்தமான் டிரங்க் ரோடு. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இருட்டிலேயே டீக்கடைகள் திறந்துவிடும். பயணிகளின் பெயர் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு வண்டிகள் மொத்தமாக நகரும். நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது என்று அறிவிப்புகள் உண்டு. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கி.மீ. ஜாரவா பழங்குடி மக்களின் காடு. பேருந்துக்குள் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஜன்னல்களில் தலைகள். குகை பார்க்கத்தான் போகிறோம் என்று சொன்னவர்களில் பலர் எதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

2011 கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். காட்டுப்பன்றி, மீன், நண்டு, தேன், கிழங்கு, பலா என்று அவர்கள் சமையலறை அந்தக் காடும் கரையும்தான். 1970களில் அந்தச் சமையலறையின் நடுவே சாலை வெட்டப்பட்டது. அவர்கள் அம்பெய்து எதிர்த்தார்கள். 1974இல் முதல் நட்பான சந்திப்பு நடந்தது. அதன்பின் அரசுக் குழுக்கள் வாழைப்பழமும் தேங்காயும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தன. 1997இன் கடைசியில் அவர்கள் தாமாகவே வில் அம்பு இல்லாமல் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002இல் ஜாரவா பகுதிக்குள் செல்லும் சாலையை மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம், சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில் இங்கிலாந்தின் 'அப்சர்வர்' இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்கிறது ஒரு குரல். நாடே வெட்கப்பட்டது. அந்த ஆண்டே பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2013 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகளை நிறுத்தியும் வைத்தது. பிறகு வண்டிகள் மறுபடி ஓடின.

அந்தச் சாலையில் ஜாரவாக்களுக்கு வாழைப்பழத்தையும் பிஸ்கட் பாக்கெட்டையும் வீசியவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர் தட்டில் காசு போடுகிற அதே கைதான் பேருந்து ஜன்னல் வழியே நீண்டது. தானம் புண்ணியம் என்று வளர்ந்தவர்கள். "அவங்களே கை நீட்டிக் கேட்டாங்களே, பசிச்சவங்களுக்குக் குடுக்கறதுல என்ன தப்பு?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்வது கடினம். வள்ளலாரின் பெயரைச் சொல்லியே இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பசிக்குச் சோறிடாமல் சட்டம் பேசுவது இரக்கமற்ற செயல் ஆகாதா?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாலையோரத்தில் பசித்தது யாருக்கு? காடு அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தது. சாலையில் நின்று கை நீட்டுவது அந்தக் காட்டின் வழக்கம் இல்லை; எறிந்தவர்கள் கற்றுக்கொடுத்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்களுக்குத்தான் ஏதோ ஒரு பசி இருந்தது. பார்க்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும், ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பிஸ்கட் அந்தப் பசிக்குக் கொடுத்த விலை. விலையைத் தானம் என்று சொல்லிக்கொண்டதுதான் வேதனை.

இதைத் தமிழ் நினைவு வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது, ஊரெல்லாம் சோறிடுகிறான். ஒரு கட்டத்தில் நாடு செழித்துவிட, பசித்தவர் யாரும் வருவதில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் நிற்கிறது. அவன் இறங்கியதை அறியாமல் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம், உண்ண வர ஒருவரும் இல்லை. ஆபுத்திரன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கிறான். தன் பாத்திரத்துக்கு வேலை வேண்டும் என்பதற்காக அவன் பசியைத் தேடி உண்டாக்கப் பார்க்கவில்லை. பசியே இல்லாத இடத்தில் கொடுப்பவனுக்கு இடமில்லை என்பதை அவன் தன் உயிரைக் கொடுத்து ஏற்கிறான். பாராடாங் சாலையில் போகிற ஒவ்வொரு பேருந்திலும் யாராவது ஒருவருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதே காப்பியத்தில் இன்னொரு தீவுக் கதையும் உண்டு. அது இத்தனை நிம்மதி தருவதில்லை. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் மலைப் பக்கம் கரையொதுங்குகிறான். ஆடையில்லாத நாகர்கள் அவனைத் தின்ன வருகிறார்கள். அவனுக்கு அவர்கள் மொழி தெரியும், அதனால் தப்பிக்கிறான். தலைவன் தன் வழக்கப்படி விருந்தோம்புகிறான்: கள்ளும் இறைச்சியும் தருகிறேன், பெண் ஒருத்தியையும் தருகிறேன் என்கிறான். சாதுவன் மறுக்கிறான். அத்தோடு விடாமல் மறுபிறப்பைப் பற்றி விளக்கி, கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள் என்று அறம் சொல்கிறான். தலைவன் கேட்டுக்கொண்டு, பொருள் கொடுத்து அனுப்புகிறான்.

நம் காப்பியமும் தீவுக்காரரைத் திருத்தப்பட வேண்டியவராகத்தான் வரைந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் சாதுவன் விஷயத்தில் இரண்டைக் கவனிக்கலாம். அவன் கடல் ஒதுக்கி வந்தவன், தேடி வந்தவன் இல்லை. அவர்களோடு பேச மொழி இருந்தது. அதனால் தலைவன் கேள்வி கேட்டான், வாதாடினான், கடைசியில் தானே முடிவு செய்தான்.

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் அந்தமானின் வட சென்டினல் தீவுக்குப் போனபோது இந்த இரண்டுமே இல்லை. சட்டம் தடுத்திருந்தும் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து இரவில் போனார். மீனும் சின்னச் சின்னப் பரிசுகளும் நீட்டினார், கிறிஸ்துவின் பெயரைச் சொன்னார். முதலில் அம்பு எய்து விரட்டினார்கள். மறுபடியும் போனார், கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் இன்னோர் அமெரிக்க இளைஞர் அதே தீவின் கரையில் ஐந்து நிமிடம் இறங்கி, ஒரு கோலா டின்னையும் ஒரு தேங்காயையும் வைத்துவிட்டு வந்து கைதானார். முதலாமவரை விசுவாசம் அனுப்பியது, இரண்டாமவரை சாகச ஆசை அனுப்பியது. கரையில் இறங்கியபின் இருவரின் கையிலும் இருந்தது காணிக்கை போன்ற ஏதோ ஒன்று. காணிக்கை கொடுத்தால் வாசல் திறந்தாக வேண்டும் என்ற நம்பிக்கையும் ஒன்றுதான்.

1991 ஜனவரியில் அதே தீவில் வேறு மாதிரியும் நடந்தது. மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய இருந்த குழு, படகிலிருந்தபடியே தேங்காய்களைத் தண்ணீரில் மிதக்கவிட, சென்டினல் மக்கள் கடலில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பயணம் ஒன்றில் ஒரு பையன் கத்தியைக் காட்டிப் போகச் சொன்னபோது தாம் பின்வாங்கியதை மானிடவியலாளர் டி.என். பண்டிட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1990களின் நடுவில் அரசு அந்தப் பயணங்களையே நிறுத்தியது. போய் நிற்பதைவிடத் திரும்பி வருவதைக் கற்றுக்கொண்ட அந்த முடிவுக்குக் கிடைத்த புகழ் போதாது.

விருந்தாளியின் கடமையை மதங்கள் பேசாமலும் இல்லை. நாம்தான் அதை அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள், திரும்பிப் போகச் சொன்னால் போய்விடுங்கள் என்று குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தங்கி வீட்டுக்காரரைச் சிரமப்படுத்தக் கூடாது என்கிறது நபிமொழி. லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களிடம், வைத்ததைச் சாப்பிடுங்கள், ஏற்றுக்கொள்ளாத ஊரானால் காலில் ஒட்டிய தூசியையும் உதறிவிட்டு வெளியேறுங்கள் என்கிறார். சாவ் நம்பிய வேதத்திலேயே திரும்பி வருவதற்கான வழி எழுதியிருந்தது. பௌத்தத் துறவி பிச்சைக்குப் போகும்போது வாய்திறந்து கேட்பதில்லை; பாத்திரத்தோடு நிற்பார், விழுந்தால் வாங்கிக்கொள்வார், விழாவிட்டால் நகர்வார். கொடுக்கப்படாததை எடுப்பது அவருக்குக் களவு. தைத்திரீய உபநிடதம் விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்வதை எல்லா ஓட்டல்களும் சுவரில் எழுதி வைத்திருக்கின்றன. உணவை இகழாதே என்றும் அதே உபநிடதம் விரதமாகச் சொல்கிறது. முன்னது வீட்டுக்காரருக்கு, பின்னது இலையின் முன் உட்கார்ந்த எல்லோருக்கும், விருந்தாளி உட்பட.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மறுக்க முடிந்தவர்தான் விருந்தோம்ப முடியும். டீக்கடைக்காரர் கடையைச் சாத்தலாம், தருமசாலை தன் நேரத்தில் பந்தியை முடிக்கலாம். தன் காட்டின் நடுவே ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகலாம் என்று ஜாரவாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காத வரை அந்தச் சாலையில் போகும் சுற்றுலாப் பயணி, எவ்வளவு எளிமையாக உடுத்தி எவ்வளவு மலிவான பேருந்தில் போனாலும், அழையா விருந்தாளிதான். பணம் குறைவாகச் செலவழிப்பது அதை மாற்றிவிடாது. மலிவான வழி என்பதாலேயே அந்தச் சாலையில் கூட்டம் சேர்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேட்காமல் கொடுக்கும் சோறு கேடாகும் என்பது கற்பனைப் பயம் இல்லை. 1863இல் ஆங்கிலேயர்கள் 'அந்தமான் இல்லம்' திறந்து, கிரேட் அந்தமானிய மக்களை வரவழைத்துச் சோறும் புகையிலையும் கொடுத்தார்கள். மதுவும் நோயும் பின்னாலேயே வந்தன. 1877இல் தட்டம்மை. ஆயிரக்கணக்கில் இருந்த அந்த மக்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். தங்கள் மண்ணிலேயே அடுத்தவர் கொடுக்கும் விருந்துக்குப் போனவர்கள் அவர்கள்.

சாலையை மூடிவிடு என்று சொல்வது தூரத்தில் இருப்பவர்களுக்கு எளிது. வடக்கே இருக்கும் ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் மக்களுக்கு அது ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிற வழி. பிரசவ வலியில் இருப்பவரைக் கடல் கொந்தளிக்கும்போது படகில் ஏற்றச் சொல்ல முடியாது. அங்கே குடியேறியவர்களும் பல தலைமுறையாக அந்த மண்ணில் பிள்ளை வளர்த்தவர்கள். அவர்களுடைய தேவையையும் குகை பார்க்கும் ஆசையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. சுற்றுலாப் பயணியால் அந்தச் சாலையை விட்டுவிட முடியும்; ஊர்க்காரரால் முடியாது.

விட்டுவிட்டால் வடக்கே பார்க்க வேண்டியதை இழக்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. போர்ட் பிளேயர் பீனிக்ஸ் பே துறையிலிருந்து ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் பக்கம் அரசுக் கப்பல்கள் போகின்றன. பேருந்தைவிட மெதுவாகப் போகும், கால அட்டவணை மாறும், கடல் சரியில்லை என்றால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். கட்டணம் சிக்கனப் பயணிக்குக் கட்டுப்படியாகும். மாயாபந்தர் பக்கத்து வெபி, கரேன் மக்கள் 1925இல் பர்மாவிலிருந்து வந்து காடு திருத்தி அமைத்த ஊர். தேவாலயமும் வயலும் மரத்தாலான வீடுகளும், மூங்கில் குருத்தும் நொதிக்க வைத்த மீனுமாய்ப் பர்மியக் கை மணக்கும் சமையலும் அங்கே உண்டு. அங்கே சாப்பிட விரும்பும் பயணி முதல் நாளே போய்க் கேட்டு வைப்பது நல்லது. நாளைக்கு வயலில் வேலை இருக்கிறது, முடியாது என்று வீட்டுக்காரம்மா சொன்னால், கடைத்தெருவில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு கிடைக்கும்.